பதினேழாம் துளை

சுரங்கத் தொழிலில் இருந்தவர்கள் தங்களுக்குள் அவரை 'இல்லம்மா' என்றுதான் சொல்வார்கள். இல்லத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. யார் எந்த மலையைக் காட்டி, இதற்குள் செம்பு இருக்குமா, துத்தநாகம் இருக்குமா என்று கேட்டாலும், போய்ப் பார்த்துவிட்டு வந்து பெரும்பாலும் இல்லை என்று சொல்லிவிடுகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதாகத் தெரியவில்லை. பெரும்பாலான மலைகளில் இல்லைதானே, நான் என்ன செய்ய என்று கணவரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவருடைய வேலை என்னவென்று சொந்த அக்காவுக்கே சரியாகப் புரிந்ததில்லை. 'பாறை டாக்டர்' என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார் அக்கா. விஷயம் இதுதான். ஒரு நிறுவனம் மலையடிவாரம் ஒன்றில் கனிமம் தேட அரசாங்கத்திடம் உரிமம் வாங்குகிறது. துளையிட்டுப் பார்க்கிறது. நம்பிக்கை வருகிறது. மேற்கொண்டு தேடுவதற்குப் பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டும். அப்போது, அந்த நிறுவனத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற ஒரு நிலவியலாளர் நேரில் போய், அவர்கள் சொல்வதெல்லாம் நிஜந்தானா என்று பார்த்துத் தன் பெயரைப் போட்டு அறிக்கை எழுதித் தரவேண்டும். பங்கு வாங்குகிற ஆள் மலையேறிப் பார்க்கப் போவதில்லை. அவருக்குப் பதிலாக இவர் ஏறினார்.

பேருந்து நடத்துநரின் மகள். கல்லூரியில் சேரப்போனபோது வரிசையில் கடைசியாக நின்றதால், மற்றப் பாடங்களில் இடம் தீர்ந்துபோய் நிலவியல்தான் மிச்சமிருந்தது. வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தவர், முதல் வருஷக் களப்பயணத்தில் சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர் ஒன்றைப் பார்த்தார். துணி மடித்துவைத்த மாதிரி கல் மடிந்து கிடந்தது. எது இதை மடித்தது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவில்லை. அரசாங்க நிலவியல் துறையில் வேலை கிடைத்தது. ஒருநாள் அலுவலகத்தின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, கதவை நெம்பித் திறந்த மெக்கானிக், உள்ளே இவரையும் சாக்குமூட்டைகளையும் பார்த்துவிட்டு, மூட்டையில் என்ன என்று கேட்டார். கல் என்றார் இவர். "இத்தனை கல்ல ஏத்தினா அது நிக்காம ஓடவா செய்யும்?" என்றார் மெக்கானிக். அவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகள், படித்து முடித்துத் தூரதேசத்தில் வேலை.

துறையில் பதவி உயர்ந்து மேசைக்கும் நாற்காலிக்குமாக வாழ்க்கை சுருங்கியபோது வேலையை விட்டார். மூன்றாவது மாடி வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, உருப்பெருக்கி, வரைபடச் சுருள்கள் செருகிய பழைய பக்கெட், இவ்வளவுதான் அலுவலகம். அதிலிருந்துதான் பல மலைகளுக்கு இல்லை என்று எழுதினார்.

அப்படி இல்லை என்று எழுதியவற்றில் ஒன்று, சுண்ணாம்புச் சூளை வைத்திருந்த ஒரு பெரியவரின் இடம். தொழிலில் எல்லோரும் அவரைச் சுண்ணாம்புக்காரர் என்பார்கள். சூளையை மூடிய பிறகு ஆசைக்கு ஒரு மலைச்சரிவின் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் செம்பு இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் துளையிட்டதில்லை. இவர் போய் மேற்பரப்புப் பாறையைத் தட்டிப் பார்த்து, மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, இந்த இடத்தில் மேற்கொண்டு செலவழிக்க ஆதாரம் போதாது என்று எழுதிக் கொடுத்தார். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. என்றாலும் உரிமத்தை விடவில்லை. வீம்புக்கு வைத்திருந்தார்.

வருஷங்கள் போயின. அதே மலையில், பெரியவர் இடத்தை ஒட்டி ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம் உள்ள நிலத்தின் உரிமத்தை ஒரு புது நிறுவனம் வாங்கித் துளையிடத் தொடங்கியது. செம்பு கிடைத்ததாகப் பேச்சு அடிபட்டது. பங்கு விற்பதற்கு முன் ஆய்வறிக்கை எழுதித்தர இவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. இல்லம்மாவே உண்டு என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

நிறுவனத்தின் முதலாளி மரியாதையான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். அவரிடம் இவர் முதலில் சொன்ன விஷயம், ஓடைக்கு அந்தப் பக்கத்துக்குச் சுண்ணாம்புக்காரருக்காக முன்பு அறிக்கை எழுதியிருக்கிறேன், அதை உங்கள் அறிக்கையிலும் குறிப்பிடுவேன் என்பது. முதலாளி சிரித்தார். நீங்கள் இல்லை என்று சொன்ன பக்கத்தில் எனக்கென்ன வேலை என்றார்.

தளத்தில் வரவேற்றவர் இவருக்குப் பழக்கமானவர். துறையில் இவருக்குக் கீழே பல வருஷம் வேலைபார்த்துவிட்டு, பிறகு தனியார் பக்கம் போய், இப்போது அந்த நிறுவனத்தின் தள நிலவியலாளராக இருந்தார். உடன்பிறந்தவர் இல்லை என்றாலும் இவர் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு இவர் அக்கா. நாமும் அவரைத் தம்பி என்றே சொல்லிவிடலாம். பழக்கம் இருப்பதால் பார்வை மழுங்கக்கூடாது என்பது இருவருக்குமே தெரியும். தேநீர் குடித்து, அவர் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு, இவர் நேராகத் துளைகளில் எடுத்த கல் வைத்திருந்த கொட்டகைக்குப் போனார்.

துளைக்கருவி பூமிக்குள் இறங்கும்போது பாறை மெழுகுவத்தி மாதிரி உருளையாக வெட்டுப்பட்டு மேலே வரும். அந்தக் கல்தண்டுகளை நீளப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, துளையின் எண்ணை எழுதி வைப்பார்கள். ஒவ்வொரு தண்டையும் நெடுக்காக அறுத்து, பாதியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பாதியை இவர் மாதிரி யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்காக வைத்திருப்பார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கல் சொன்னதும் காகிதம் சொன்னதும் ஒத்துப்போயின. எல்லாவற்றிலும் பதினேழாம் துளைதான் ராஜா. மற்றவற்றில் செம்புக் கனிமம் புள்ளியும் கோடுமாக இருந்தது. பதினேழில் பித்தளை நிறத்தில் கட்டிகட்டியாக மின்னியது. தண்ணீர் தெளித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது, இவருக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அறிக்கையில் உண்டு என்று எழுதும் நாள் அடிக்கடி வருவதில்லை.

அடுத்த வேலை, துளைகள் வரைபடத்தில் காட்டிய இடத்தில்தான் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்ப்பது. துளையிட்டு முடித்ததும் வாயில் ஒரு குழாயைச் செருகிச் சுற்றிலும் சிமெண்ட் பூசி, ஈரத்தில் ஆணியால் எண்ணைக் கீறிவிடுவார்கள். இவர் கையில் ஜிபிஎஸ் கருவியோடு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பதினேழு மட்டும் மேட்டு உச்சியில். அங்கே போகும் பாதை மழையில் அரித்துக்கொண்டு போய்விட்டது, வண்டி போகாது என்றார் தம்பி. நடக்கலாமே என்றார் இவர்.

இருவரும் நடந்து ஏறினார்கள். உச்சியில் முட்புதரும் சரளையும்தான் இருந்தன. குழாயும் இல்லை, சிமெண்டும் இல்லை. தம்பி அங்குமிங்கும் போய்க் காலால் புல்லை விலக்கிப் பார்த்தார். மழையில் பெயர்ந்து போயிருக்கும் என்றார். துளைக்கருவி ஒரு லாரி அளவு கனம். அது நின்ற இடத்தில் தரை அமுங்கியிருக்கும், எண்ணெய் சிந்தியிருக்கும், அறுத்த பாறையின் சேறு வெளுத்துக் கிடக்கும். மழை அவ்வளவையும் சுத்தமாகக் கழுவித் துடைத்துவைக்காது. இவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதற்காக ஒரு கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே ஓடை தெரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு கூப்பிடு தூரத்தில், சமதரையில் வெள்ளையாக ஒரு குழாய் நின்றது.

தம்பியும் அதைப் பார்த்துவிட்டார். இருவரும் இறங்கினார்கள்.

ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். தாண்டிப் போய்ப் பார்த்தால், சிமெண்டில் கோணல்மாணலாகப் பதினேழு என்று கீறியிருந்தது. ஓடைதான் எல்லை. அவர்கள் நின்றது சுண்ணாம்புக்காரரின் நிலத்தில்.

துளை சாய்வாக இட்டதென்றால் வாய் இங்கே இருந்தாலும் அடி அந்தப் பக்கம் போயிருக்கக்கூடும். இவர் அதையும் விடவில்லை. சரிவை அளக்கும் சாய்மானியைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தார். குழாய் ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் அந்தப் பக்கமாகவே சாய்ந்து இறங்கியது. நிறுவனம் பெருமையாகக் காட்டிய செம்பு முழுக்க முழுக்க அடுத்தவர் வீட்டுச் செம்பு.

தம்பி குழாய்க்குப் பக்கத்திலேயே குந்தினார். என்ன நடந்திருக்கும் என்பது அவருக்கு அதற்குள் புரிந்துபோயிருந்தது, ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தத் துளை போட்ட வாரம் மனைவிக்கு அறுவை சிகிச்சை. தம்பி ஆஸ்பத்திரியில். பாதை அறுந்ததும் துளைக்காரர்கள் கருவியை மேலே ஏற்ற முடியாமல், தண்ணீர் பக்கத்தில் கிடைக்கிறதே என்று சமதரையில் நிறுத்தி வேலையை முடித்திருக்கிறார்கள். போனில் கேட்டபோது, எல்லாம் திட்டப்படி ஆயிற்று என்று மேஸ்திரி சொன்னார். தம்பி திட்டத்தில் இருந்த இடத்தையே பதிவில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்ததும் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. பிறகு முடிவுகள் வந்து எல்லோரும் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, செம்பு ஓடையோட நின்னுருமா? இந்தப் பக்கமும் இருக்கத்தான் செய்யும். அடுத்த துளையில தெரிஞ்சிரும். இப்போதைக்கு வரைபடத்துல உள்ளபடியே..."

 

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது," என்றார் இவர். பிறகு, "நான் எழுதப்போறத நீ முதல்ல போய் உங்க முதலாளிகிட்ட சொல்லிரு. என் அறிக்கையப் படிச்சு அவர் தெரிஞ்சுக்க வேணாம். நீ சொன்னதா இருக்கட்டும்," என்றார்.

தம்பி தலையாட்டினார். அன்றைக்கே போய்ச் சொல்லியும் விட்டார். அது அவருக்கு லேசான காரியமாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்த இவர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுண்ணாம்புக்காரருக்கு எழுதிய பழைய அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தார். ஒரு வரிகூடப் பொய் இல்லை. பார்த்ததை எழுதியிருந்தார், பார்த்தவரையில் இல்லை என்று எழுதியிருந்தார். ஆனால் கீழே இருந்த செம்புக்கு மேலே நின்றுகொண்டுதான் அதை எழுதியிருக்கிறார். கணவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். யார் எவர் என்று சொல்லாமல் மேலோட்டமாகச் சொன்னார்.

"அப்ப நீ அன்னைக்கு சொன்னது தப்பா?" என்றார் கணவர்.

"அன்னைக்கு அங்க துளையே போடலங்க."

"அதில்ல. தப்பா, இல்லையா?"

அறிக்கையை மூடிவைத்துவிட்டு, "தப்புதான் போலிருக்கு," என்றார்.  கணவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அறிக்கையை முடித்து எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனார். பதினேழாம் துளை உரிமப் பரப்புக்கு வெளியே இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே, பூசி மெழுகாமல் எழுதியிருந்தார். முதலாளி அதைப் பிரிக்கவில்லை. தம்பி எல்லாம் சொல்லிவிட்டார் என்றார். கோபமாகவும் இல்லை. அறிக்கைக்கு இப்போது அவசரமில்லை, கொஞ்சநாள் உங்களிடமே இருக்கட்டும் என்றார். ஏன் என்று இவர் கேட்டார்.

"அந்தப் பெரியவர்கிட்ட பேசிட்டிருக்கேன் மேடம். உரிமத்த எனக்கே குடுத்திருங்கன்னு கேட்டேன். உங்க பழைய அறிக்கையத்தான் எடுத்துக் காட்டினேன். அந்தம்மாவே ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க, சும்மா எதுக்கு வச்சுக் காவல் காக்குறீங்கன்னு. மனுஷன் அசைஞ்சு குடுத்துட்டார். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்."

தன் கெட்டிக்காரத்தனத்தை இவரும் ரசிப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, அந்தப் பழைய அறிக்கையை நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். தாராளமாக, ஆனால் இந்தப் பேச்சு முடிந்த பிறகு என்றார் முதலாளி. முடிவதற்கு முன்னால் என்றார் இவர். அறைக்குள் அதன்பிறகு கொஞ்சம் வெயில் ஏறின மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்காகப் பார்த்ததை வெளியே ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது என்று முதலாளி நினைவுபடுத்தினார். அது சரிதான் என்று இவரும் ஒப்புக்கொண்டார். நீங்கள் காட்டிய எதையும் சொல்லமாட்டேன். ஆனால் நான் எழுதியதை நான் நம்பவில்லை என்றால், எழுதி வாங்கியவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அதைச் செய்வதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டேன். இவ்வளவும் சொல்லிவிட்டு அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டுச் சமையலறையில் நின்றபடி சுண்ணாம்புக்காரருக்குப் போன் போட்டார். குரல் தளர்ந்திருந்தாலும் ஆள் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயா, உங்க இடத்தப் பத்தி நான் எழுதின அறிக்கைய இனிமே யாரும் ஆதாரமா எடுத்துக்க வேணாம். அது என் கருத்து இல்ல இப்ப. இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"ஏம்மா, நீ இல்லைன்னு சொன்னதுக்கு ஒரு வருஷம் உன்னத் திட்டிட்டிருந்தேன். இப்ப அந்த இல்லையும் இல்லைங்கிறியா?"

"அவ்வளவுதான் சொல்ல முடியும்யா. ஏன்னு கேக்காதீங்க."

"கேக்கல. அத வித்திரலாமான்னு மட்டும்..."

"அதையும் கேக்கக் கூடாது."

பெரியவர் சிரித்தார். சரி வைம்மா என்றார்.

அவர் விற்கவில்லை. முதலாளி நிலவியலாளர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். வாடிக்கையாளரின் ரகசியத்தை வெளியே விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. சங்கத்தில் நீளமேசைக்குப் பின்னால் ஐந்துபேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். மூன்று பேர் இவருக்குத் தெரிந்தவர்கள்; ஒருவர் இவரோடு ஒரே கூடாரத்தில் மாதக்கணக்காக மழையில் நனைந்தவர். யாரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னார். பெரியவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். துளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, எனக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது என்றார் அவர். தவறு ஏதும் இல்லை என்று முடிவானது. எழுத்தில் சொல்லவேண்டியதைப் போனில் சொன்னது மட்டும் முறையல்ல என்று ஓர் உறுப்பினர் குறைப்பட்டுக்கொண்டார். அது சரியான குறை என்று இவருக்கும் பட்டது.

ஆனாலும் கெட்டபெயர் கெட்டபெயர்தான். அதன்பிறகு நெடுநாள் எந்த நிறுவனமும் இவரைக் கூப்பிடவில்லை. பின்னறையில் போய் உட்காருவார், வரைபடங்களை எடுத்து விரிப்பார், சுருட்டி வைப்பார்.  கணவரும் இவருமாகச் சேர்ந்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். மகள் போனில், அம்மா கொஞ்சம் ஓய்வாகத்தான் இரேன் என்றாள். ஓய்வாகத்தான் இருந்தார், ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை.

விசாரணையில் துளை விஷயம் வெளியே வந்துவிட்டதால், அறிக்கையை நிறுவனம் கடைசியில் வெளியிட வேண்டியதாயிற்று. பங்கு விற்பனை நின்றது. எல்லை தாண்டித் துளையிட்டதற்காக வக்கீல்கள் வைத்துச் சண்டைபோட்ட பெரியவரும் நிறுவனமும், சண்டையில் அலுத்துப்போய்க் கூட்டுச் சேர்ந்து, ஓடையின் இரண்டு பக்கமும் துளையிட்டார்கள். ஒன்றில் கொஞ்சம் செம்பு இருந்தது. அடுத்ததில் அதைவிடக் குறைவு. அதற்கடுத்தவற்றில் வெறும் பாறை. அந்தச் செம்பு மாங்கொட்டை மாதிரி நடுவில் பருத்து, எல்லாப் பக்கமும் மெலிந்து முடிந்துபோயிருந்தது. பதினேழாம் துளை தற்செயலாக அதன் நடுவயிற்றில் இறங்கியிருக்கிறது. சுரங்கம் தோண்ட அது காணாது. பெரியவர் உரிமத்தைக் கைகழுவினார். எனக்கு அது போதும், செம்பு இருந்தது என்று தெரிந்துவிட்டதே என்று சொன்னாராம்.

இந்தச் செய்தி வந்த அன்றைக்கு, அப்படியானால் முதலில் நீ சொன்னது சரியாகப் போய்விட்டதே என்றார் கணவர். சரி என்று சொல்லமுடியாது என்றார் இவர். "அது உள்ள பாக்காம சொன்னது. அமைஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

தம்பியை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர் இவரோடு பேசவே இல்லை. கோபமா, கூச்சமா என்று இவருக்குத் தெரியவில்லை. இவரும் போன் பண்ணவில்லை. மறுவருஷம் மழை ஓய்ந்த ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். நிலத்தடிநீர் தேடும் ஓர் அமைப்பில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். முன்பு கூட வேலைபார்த்தவர் யாராவது ஒருவரிடம் விசாரிப்பார்களாம். உங்கள் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடு என்றார் இவர்.

அவர்கள் விசாரித்தபோது இவர் ஒன்றையும் விடவில்லை. பார்க்காத இடத்தைப் பார்த்ததாகப் பதிந்தார், முடிவுகள் வந்தபிறகும் போய்ப் பார்க்கத் தயங்கினார், வரைபடத்தில் உள்ளபடியே விடலாமா என்றும் கேட்டார், பிறகு தானே போய் முதலாளியிடம் சொன்னார், மற்ற எல்லாத் துளையும் அங்குலம் பிசகாமல் இருந்தது. நடந்த வரிசையிலேயே சொன்னார். நல்லவர் வல்லவர் என்று எதுவும் சேர்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தம்பி மறுபடி கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாமே அக்கா."

"கேட்டாங்க, சொன்னேன்."

"ம்." என்றார் தம்பி. "வேலை கிடைச்சிருச்சு."

நல்லது என்றார் இவர். பிறகு, வீட்டில் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். மனைவி பக்கத்தில்தான் இருக்கிறாள், நீங்களே கேளுங்கள் என்று தம்பி போனை அவளிடம் கொடுத்தார். அந்தப் பெண்ணை இவர் நேரில் பார்த்ததே இல்லை. இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.